அந்தப் படத்துக்குத் தம்பி சொன்ன தீர்ப்பு

நானும் என் தம்பியும் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குற பண்டாரிங்க. முப்பத்தஞ்சு வருசமா தேக்சா அண்டாவுக்கு முன்னாடி நான் நிப்பேன், எனக்குப் பின்னாடி அவன் நிப்பான். எங்க தொழில்ல மூத்தவன்தான் உப்புப் போடணும், இளையவன் கை வைக்கக் கூடாது. யாரு போட்ட சட்டமோ தெரியாது. எனக்கு வசதியா இருந்துச்சு, நானும் கேள்வி கேக்கல.

போன மாசம் தம்பி வந்து, "அண்ணே, நான் தனியா ஆர்டர் எடுக்கலாம்னு இருக்கேன்"னான். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "போடா, உன்னை நம்பி எவன்டா கறி வாங்கிக் கொடுப்பான்"னு வாய விட்டுட்டேன். ரெண்டு வாரம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சோம்.

அந்த நேரம் பாத்து எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்ச டைரக்டரோட புதுப் படம் வந்துச்சு. மீசை அரும்புன காலத்துல இருந்து அவர் படத்த முதல் நாளே சேர்ந்துதான் பாக்குறது. சண்டைனாலும் அத மட்டும் விட மனசு வரல. தம்பி ரெண்டு டிக்கெட்டோட வந்து வாசல்ல நின்னான். "வாரீங்களா?"ன்னான். "வாரேன்"னேன். அம்புட்டுத்தான் பேச்சு.

படம் மூணேகால் மணி நேரம். ரவுடிப் படம்னா நம்ம ஊர்க்காரன் அரிவாள எதிர்பாப்பான். பக்கத்து சீட்டு ஆளு இன்டர்வெல் வரைக்கும் "எப்பத்தான்டா வெட்டுவாங்ய"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தாரு. டைரக்டர் பெரியவர் வெட்டவே விடல. ஆரம்பத்துல இவர் படமெல்லாம் ஓட்டமா ஓடும். நடுவுல ஒரு பத்துப் பதினஞ்சு வருசம் வெளிநாட்டுப் பாட்டு, பறக்குற காருன்னு எடுத்தாரு, ஒண்ணும் தேறல. அப்பவும் டீக்கடையில அவர விட்டுக்கொடுக்காமப் பேசுனது நாங்க ரெண்டு பேருதான். இப்ப எழுபதத் தாண்டி, ஒரு தாதாவையும் அவன் வலதுகையையும் வாலிபத்துல இருந்து நரை விழுற வரைக்கும் நிதானமாக் காட்டுறாரு. முதல் ஒரு மணி நேரம் இழுவை, பொய் சொல்ல மாட்டேன். கடைசி ஒரு மணி நேரத்துக்கு அவர் கையப் பிடிச்சு முத்தம் கொடுக்கலாம்.

வெளிய வந்து டீ சொன்னோம். எந்தப் படத்துக்கும் தீர்ப்பு நான்தான் சொல்லுவேன், அவன் தலையாட்டுவான். அன்னைக்கு நான் வாயத் திறக்குறதுக்குள்ள அவன் ஆரம்பிச்சுட்டான்.

"படம் பிரமாதம்ணே. அந்த வலதுகை கடைசில தாதாவக் காட்டிக்கொடுத்தது துட்டுக்காக இல்ல. உனக்கு என்னடா வேணும்னு தாதா ஒரு நாளாச்சும் கேட்டிருந்தா, அவன் பாட்டுக்கு அங்கேயே கெடந்திருப்பான்."

யா அல்லாஹ்! நான் படம் முழுக்க அந்தத் தாதாவத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், பாவம் மனுசன்னு.

"சரி, உனக்கு என்னடா வேணும்?"

அவன் கிளாசையே பாத்தான். "தனியாப் போகணும்னெல்லாம் ஆசை இல்லண்ணே. ஒரு கல்யாணமாச்சும் நான் ஆக்குனேன்னு நாலு பேரு சொல்லணும்."

"வர்ற ஞாயித்துக்கெழம மேலூர் நிக்காஹ் உன்னோடது. வீட்டுக்காரருக்கு நானே போன் போட்டுச் சொல்லிடுறேன். நான் உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன்."

அம்பத்தெட்டு வயசு ஆளு, ரோட்டுல நாலு பேரு பாக்க அழுதுட்டான். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. ஒரு வார்த்தை கேக்குறதுக்கு எனக்கு இம்புட்டு வருசம் ஆயிருக்கு.