மேனேஜர் நம்பாத வெள்ளைக்காரர்

வேலை முடிந்ததும் நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் மில்லில் புது மெஷினைப் பொருத்த இன்று இங்கிலாந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை.

பஸ்ஸை 'புஸ்' என்றார். லஞ்சை 'லுஞ்ச்' என்றார். எனக்கே பாதி புரியவில்லை.

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏனுங்க, இவரு நெசமாவே இங்கிலாந்துக்காரருங்களா? லண்டன் ரேடியோவுல இப்படியா பேசறாங்க? மொதலாளி வேற ஊர்ல இல்லீங்க. இவர நம்பி மெஷினத் தொட உட்டுப்போட்டு, நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்கும் அதே சந்தேகம்தான். மூன்று பேரும் சாப்பிடும்போது சுற்றி வளைத்து இன்ஜினியரிடமே கேட்டுவிட்டேன்.

இங்கிலாந்தில் வடக்கே ஒரு மில் ஊரில் பிறந்தவராம். வேலைக்கு லண்டன் போனபோது அங்கேயும் இந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தார்களாம். "அதனால் இதைக் கற்றுக்கொண்டேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சு அசலாக ரேடியோக் குரலில் இரண்டு வரி பேசிக் காட்டினார்.

மேனேஜர் எழுந்து கைகுலுக்கினார். "இப்பத்தானுங்க வெள்ளைக்காரராட்டம் இருக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மெஷின் ரூம் சாவியை அவரிடம் நீட்டினார்.

இப்போது எனக்கு அந்த லண்டன் ரேடியோக்காரர் மேல்தான் சந்தேகம். வீட்டுக்குப் போனால் அவர் என்ன இங்கிலீஷ் பேசுவார்?