தித்தித்த பொடி

அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அதற்குக் காரணமானவனை நான் மன்னிக்கவில்லை.

அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். சர்க்கரை நோயாளி. ஒருநாள் கெளுத்தி முள் குத்திக் காலில் புண் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அப்போதுதான் சத்துப்பொடி விற்கும் அவன் வந்தான். ஞாயிறுதோறும் மீன்கடைப் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுவான்.

"சாதா வைட்டமின் சி புளிக்கும், வயித்த எரிக்கும். இது கால்சியம் சேர்த்தது, புளிக்காது. எந்தப் புண்ணும் ஆறிடும். மாத்திரையே வேணாம்மா."

எனக்குத் தெரியாமல் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தாள். காய்ச்சலில் விழுந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. எடுக்க வேண்டியதாயிற்று.

பொடியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன்.

"அப்படி ஒரு வைட்டமின் நிஜமாவே இருக்கும்மா. வயித்துக்கு இதமானது. புண் ஆற, ஈறு உறுதியா இருக்க, இரும்புச்சத்து உடம்புல சேர உதவும். ஆனா மருந்துக்குத் துணைதான், மருந்துக்குப் பதில் இல்ல."

"தித்திப்பா கீதுன்னு அம்மா சொன்னாங்க சார்."

அவர் முகம் மாறியது. "அது தித்திக்காதே."

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். வைட்டமின் சி பட்டால் அயோடினின் பழுப்பு நிறம் மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் அயோடின் கலந்த தண்ணீரை வைத்தேன். ஒன்றில் மருந்துக்கடையில் வாங்கிய வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். தண்ணீர் தெளிந்தது. மற்றதில் அவன் பொடி. நாலு ஸ்பூன் போட்டும் பழுப்பு அப்படியே நின்றது.

பக்கத்துக் கடைக்கார அம்மா பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அடப்பாவி, வெறும் குளுக்கோஸு!"

ஐஸ் பெட்டி மேல் கட்டுப்போட்ட காலை நீட்டியிருந்த அம்மா கேட்டாள்: "இன்னா நைனா, சக்கர நோவுக்காரிக்கு சக்கரயவா குட்த்த?"

அவன் நழுவப் பார்த்தான். பெண்கள் விடவில்லை. மீன் கழுவிய தண்ணீர் அவன் தலையில் வழிந்தது. போலீஸ் வரும்வரை அவன் பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாம பண்ணிட்டேன்மா" என்று அழுதான். அந்த அழுகை எனக்கு இனித்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மாவின் புண் ஆறிவிட்டது. "வுட்டுத் தொலைடி" என்கிறாள். நான் விடுவதாக இல்லை. வழக்கு வரும் ஒவ்வொரு நாளும் லீவு போட்டுவிட்டு, அவன் கண்ணில் படும்படி முன்வரிசையில் போய் உட்காருகிறேன்.