முழுகாத செபஸ்தியம்மா

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன் விற்றுப் பிழைத்த கைம்பெண் செபஸ்தியம்மா. தொண்ணூறாம் ஆண்டு, சண்டையால் தீவுகளிலிருந்து ஓடிவந்த சனத்துக்குப் பப்டிஸ்ட் சபை கொடுத்த கஞ்சியை அவள்தான் புகையில் இருமி இருமிக் காய்ச்சினாள். ஊற்றும் அகப்பையோ, போன கிழமை கடலில் ஞானமுழுக்கு எடுத்த அற்புதராணியிடம் போனது. சனம் ஊற்றியவளையே வாழ்த்தியது. செபஸ்தியம்மாவுக்கு வயிறு எரிந்தது. அகப்பையைக் கொடுத்த போதகரைப் பார்த்துக் கத்தினாள்.

“நான் முழுகாமல் இருக்கிறன் எண்டுதானே ஐயா, அகப்பையைத் தரேல்லை?”

கஞ்சி வரிசை குலுங்கிச் சிரித்தது.

“இந்த வயசிலையோ அக்கா? எத்தினை மாசம்?” என்றாள் அற்புதராணி.

சொன்னதன் மற்ற அர்த்தம் அப்போதுதான் செபஸ்தியம்மாவுக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

“எத்தினை மாசமெண்டால் உனக்கென்னடி? பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் குடுக்கோணும். கொண்டா உந்த அகப்பையை!”

சிரிப்பில் தளர்ந்த கையிலிருந்து அதைப் பிடுங்கி, வரிசையில் முதலாவதாக நின்ற கிழவனுக்குத் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.