கேந்திரத்துக்குள் ஓர் ஆணி

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருஷம். திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் மெட்ராஸ் காலேஜுக்குப் போய்வந்தேன். அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவருக்கு என் ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைப் பார்த்ததில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் பரீட்சை எழுதாமல் யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"முதல்ல அவா சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே" என்றாள் அம்மா.

பெண் பார்க்க வந்த அன்று, பிள்ளையின் அப்பா பஜ்ஜியை மென்றபடி என் ஜாதகத்தை மெச்சினார். "கேந்திரத்துல குரு ஜம்முனு உக்காந்திருக்கார். இதுக்கு மேல படிப்பு எதுக்கு? வர மாசமே முகூர்த்தம் வெச்சுடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. மத்தியான வெயிலுக்கு எங்கள் காலேஜில் லைப்ரரி ஃபேன்தான் கதி. அங்கே உட்கார்ந்து பெரிய அகராதியைப் புரட்டுவேன். வட்டத்தின் 'சென்டர்' என்ற வார்த்தை எங்கே பிறந்தது என்று அதில்தான் படித்திருந்தேன்.

"மாமா, கேந்திரம் கிரீஸ் தேசத்து வார்த்தை" என்றேன். "மாட்டைக் குத்தற தார்க்குச்சி ஆணிக்கு அவா வெச்ச பேர். அப்புறம் காம்பஸ் முள் குத்தற புள்ளிக்கும் அந்தப் பேரே வந்துடுத்து. அதுதான் இங்கிலீஷ்ல சென்டர், நம்ம ஜோசியத்துல கேந்திரம்."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே என்னை எரித்தாள். பிள்ளை மட்டும் நிமிர்ந்து, "தினமும் அந்த முள்ளைத்தான் பேப்பர்ல குத்திண்டிருக்கேன், இது தெரியாமப் போச்சே!" என்று சிரித்தார்.

அவருடைய அப்பா சிரிக்கவில்லை. பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "அப்போ நல்ல நேரம் பாக்கற ஹோரை? அதாச்சும் நம்மளதுதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். வாய் சும்மா இருந்தால்தானே!

"அதுவும் அவாளோடதுதான், மாமா."

பிடித்துப்போன வரனை நானே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளையின் அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"இத்தனை வருஷமா ஜாதகம் பாக்கறேன். ஒருத்தரும் எனக்கு இதைச் சொன்னதில்லை" என்றார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பினார். "பரீட்சை என்னிக்கு முடியறது? அதுக்கப்புறமா ஒரு நாள் பாத்துக்கலாம்."

அப்பாவுக்குத் தேதி தெரியவில்லை. நானே சொன்னேன்.