இரும்புப் பெட்டிக்குள் இன்டர்நெட்

பிரிண்டரில் சிக்கிய பேப்பரை ஒருநாள் கிழியாமல் உருவி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டுக்கு நான்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். படித்தது பி.காம். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எங்கள் ஆபீசே ஒரு பழைய கண்டெய்னர்தான். ஜன்னல் வெட்டி, ஏசி மாட்டி, யார்டின் பின்மூலையில் வைத்திருந்தார்கள். அதே மாதிரி இன்னொன்று முன்னால், கேட் ஓரம். இன்டர்நெட் இருந்தது எங்கள் கேபினில், அதுவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். கேட் கேபினில் நெட் இல்லாத ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓர் அக்கா. உள்ளே வரும் ஒவ்வொரு கண்டெய்னரின் நம்பரையும் பேப்பரில் எழுதிக்கொண்டு, டிரெய்லர்களுக்கு நடுவே யார்டைக் கடந்து எங்களிடம் வருவார். நான் பதிவு செய்து சீட்டு கொடுத்ததும் திரும்பி நடப்பார். அதற்குள் கேட்டில் நிற்கும் டிரைவர்கள் ஹாரனிலேயே அவரைத் திட்டி முடித்திருப்பார்கள்.

அக்காவுக்கு இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. அவர் நடை மெதுவாக ஆக ஆக, கேட்டில் வரிசை நீண்டது. முதலாளி தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை. ஆனால் வண்டி நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“திங்கக்கிழமைக்குள்ள கேட்டுல நெட்டு வரணும்மா. வரலேன்னா அங்க வேற ஆளத்தான் போடணும். நல்லா நடக்குத ஆளா.”

அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக்கிடக்க, அந்த வீட்டில் உலை கொதித்தது அக்காவின் சம்பளத்தில்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வேகத்தில் “நானே பண்றேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது.

ரிச்சி தெருவுக்குப் போய், நான்கு கொம்பு வைத்த வைஃபை பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். வீடு முழுக்க எடுக்கும், மொட்டைமாடியிலும் எடுக்கும் என்றார் கடைக்காரர். எங்கள் கேபினில் இருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் நெட் வந்தது. கேட்டில் ஒன்றும் இல்லை. பெட்டியை மேஜையில் வைத்தேன், பீரோ மேல் வைத்தேன், ஜன்னலில் கட்டினேன். ஊஹூம்.

கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பாதித் திட்டில் எனக்கே உறைத்தது. நான் ஏன் வெயிலில் நிற்கிறேன்? உள்ளே சிக்னல் கிடைக்காது, அதனால். இந்த யார்டில் யாருக்கு போன் வந்தாலும் முதலில் செருப்பைத் தேடுவோம், ஹலோ எல்லாம் பிறகுதான். வெளியிலிருந்து இரும்புக்குள் வராத சிக்னல், இரும்பிலிருந்து வெளியே மட்டும் போய்விடுமா? நாள் முழுக்க கண்டெய்னருக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிய வேண்டாமா? கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேபிள் என்ன விலை என்று விசாரித்தேன்.

சனிக்கிழமை யார்டு எலக்ட்ரீஷியன் காம்பவுண்டு சுவர் ஓரமாகவே பைப் அடித்து, கேபிளை கேட் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரே கேபிளில் அவ்வளவு தூரம் தாங்காது என்பதால், நடுவே வெல்டிங் ஷெட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தோம். வருகிற நெட்டை வாங்கி அடுத்த கேபிளுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. மிச்சம் இருந்தது கேபிளின் நுனிகள். உள்ளே எட்டு மெல்லிய வயர்கள், வரிசை மாறாமல் பிளக்கில் நுழைய வேண்டும். ஒன்று நுழைந்தால் இன்னொன்று நழுவும். பாழாய்ப்போன பிளக்குகள் மேஜையெல்லாம் கிடந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் பிடித்தார்.

“எனக்கோசரம் இன்னாத்துக்கும்மே இம்மா பேஜாரு பட்ற?”

“உனுக்கோசரம் இல்லக்கா. அந்த ஹாரன் சத்தம் தாங்கல.”

சிரித்தார். பிடித்திருந்த வெளிச்சம் ஆடியது. “வேல பூட்டா இன்னா பண்றதுன்னு ரோசன பண்ணிகினே கீறேன். வூட்ல இன்னும் சொல்லல.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க, கையிலிருந்த பிளக்கைத் திட்டினேன். அதற்கடுத்த பிளக் சரியாக உட்கார்ந்தது.

திங்கள் காலை கேட் கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு சிமிட்டியது. முதல் வண்டியின் நம்பரை அக்காவே பதிவு செய்தார், சீட்டு அங்கேயே பிரிண்ட் ஆகி வந்தது. வண்டிகள் நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்று பார்த்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு.

சாயங்காலம் பார்த்தால் அக்கா யார்டைக் கடந்து நடந்து வருகிறார். வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அண்ணாச்சியும் எழுந்து வந்தார். நான் வெளியே ஓடினேன்.

“நெட்டு பூட்ச்சாக்கா?”

“அதெல்லாம் நல்லா ஓடிகினு கீது.”

“அப்பறம் இன்னாத்துக்கு நடந்து வந்த?”

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை.

“வண்டி எதுவும் இல்ல. இத்தினி வருசத்துல கைல பேப்பர் இல்லாம நான் இந்தாண்ட வந்ததே இல்லம்மே. அதான், சும்மா வந்தேன்.”

அண்ணாச்சி உள்ளே போய், தன் நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்குப் போட்டார்.