கேட்டில் தொங்கிய சிலேட்டு

வழக்கொழிந்துபோன பொருட்களைப் பற்றி எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் பேச்சு ஓடியது. ஒருவர் 'நைட் ஷிஃப்ட் சிலேட்டு' என்று எழுதியதும் எல்லாரும் உருகிவிட்டார்கள். என்னால் மட்டும் உருக முடியவில்லை.

இரவு முழுக்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் வீட்டு கேட்டில் அந்தச் சிலேட்டு தொங்கும். 'நைட் ஷிஃப்ட். தூங்குகிறார்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். அதைப் பார்த்தால் கீரைக்காரம்மாகூடக் கூவாமல் கடந்துபோவார்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு அண்ணி சிலேட்டை மாட்டிவிட்டு, "அவரு தூங்கிகினு இருக்காரு, கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினார்.

நான் காவலே இருந்தேன். கேஸ்காரரை அதட்டி அனுப்பினேன். பந்து எடுக்க வந்த பிள்ளைகளை விரட்டினேன். மதியம் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணி வந்து கதவைத் திறந்தபோது, அண்ணன் ஒரு பக்கம் கைகால் விளங்காமல் சமையலறைத் தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் குழறிக் குழறிச் சொன்னார். "காலையிலேருந்து நீ பேசுனதெல்லாம் கேட்டுகினேதாம்மா கெடந்தேன்."

குரலில் கோபமே இல்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

இப்போது எந்த கேட்டிலும் சிலேட்டு இல்லை. ஆனாலும் பகலில் சத்தமில்லாத வீட்டைக் கண்டால் கதவைத் தட்டாமல் என்னால் தாண்டிப்போக முடிவதில்லை. தூக்கம் கலைந்து எழுந்துவந்து யாராவது என்னைத் திட்டினால்தான் மனசு அடங்குகிறது.