வேகாத ஜவ்வரிசி

என் தங்கைக்குச் சர்க்கரை நோய் வந்தது ஆறாம் வகுப்பில். அவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது. ஊசி போட்டால்தான் உயிர். அந்த ஊசியை ஒழித்துக்கட்டுகிறேன் பார் என்ற வீம்பில்தான் நான் சென்னைக்கு ஆராய்ச்சி செய்யப் போனேன்.

கடற்பாசியிலிருந்து எடுத்த கூழைக் குட்டி உருண்டைகளாக்கி, இன்சுலின் சுரக்கும் செல்களை அதற்குள் வைத்து, எலியின் வயிற்றுக்குள் விடுவோம். சர்க்கரை உள்ளே போகலாம், இன்சுலின் வெளியே வரலாம். அந்நியச் செல் என்று கொல்ல வரும் வெள்ளை அணுக்கள் மட்டும் நுழையக்கூடாது. பாழாய்ப்போன உடம்பு சும்மா இருக்குமா? உருண்டையைச் சுற்றித் தழும்பு கட்டிவிடும். உள்ளே செல்கள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

ஒருமுறை அந்த உருண்டைகளைப் படம் எடுத்து அவளுக்குப் போனில் அனுப்பினேன்.

"இன்னாக்கா, ஜவ்வரிசி மாதிரி இருக்குது?"

அதிலிருந்து நான் எப்போது திருவண்ணாமலைக்கு வந்தாலும் பஸ் ஸ்டாண்டிலேயே கேலி ஆரம்பித்துவிடும். "உன் ஜவ்வரிசி எப்பக்கா வேகும்?"

"வாயை மூடுடி. வெந்ததும் முதல் கிண்ணம் உனக்குத்தான்."

தீபத்தன்று மலைமேல் ஜோதி தெரியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். அவளுக்கு மட்டும் விரதம் கிடையாது. போன வருஷம், "நானும் விரதம் இருப்பேன்" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். "சாப்பிடாதப்ப ஊசி எதுக்கும்மா? சுகர் கம்மியாயிடும்" என்று முந்தின நாளே ஊசியையும் நிறுத்திவிட்டாள். பட்டினி கிடந்தாலும் அவளுக்கு இன்சுலின் வேண்டும். இல்லாவிட்டால் ரத்தமே விஷமாகிவிடும். மத்தியானம் வாந்தி எடுத்தபோது, வெறும் வயிற்றுப் பித்தம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். சாயந்திரம் மூச்சு வாங்கியது. ஊர் கொள்ளாத ஜனம், ஆட்டோ நகரவில்லை. நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள்.

"விரதம் இருக்க ஏம்மா விட்டே?" என்று கத்தினேன்.

"உன் வேலை பலிக்கணும்னு வேண்டிக்கிட்டாடி. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னா."

அடிப்பாவி, உன்னை யாரடி கேட்டது? சுவரில் இருந்த அவள் படத்தைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், மேல்பூச்சை மாற்றி வைத்திருந்த உருண்டைகளை எலியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். தழும்பு கட்டவில்லை. செல்கள் உயிரோடு இருந்தன. எலிக்கானாலும் வெற்றி வெற்றிதான். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் பழக்கதோஷத்தில் படம் எடுத்து அவள் நம்பருக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. உடனே கூப்பிட்டாள்.

"இன்னாடி இது, ஜவ்வரிசியா?"

"ஆமாம்மா. வெந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அழுதேன்.